குந்தாரப்பள்ளியில் கடல் ஏறும் நேரம்

ஓசூரில் ஒரு கடலின் விலை நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். லாரி வாடகை தனி.

எண்பத்திரண்டாம் வருஷம் முறைப்படி டெண்டர் விட்டு, மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் கடலை வாங்கினார்கள். அது டேங்கர் லாரிகளில் மேலுமலை ஏறி வந்து, தொழிற்பேட்டையின் கடைசி மனையில் கட்டியிருந்த சிமெண்டுத் தொட்டியில் இறங்கியது. வாங்கியது கடற்கரை உயிரினப் பரவல் பதிவு நிலையம். கடல் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது காய்கிற கரையில், பாறை இடுக்குகளில் ஒளிந்து வாழும் ஒரு பிராணி உண்டு. நடுவில் சட்டைப் பொத்தான் போல ஒரு வட்டு, அதைச் சுற்றிப் பல்லிவால் போல ஐந்து கைகள். தொட்டால் கை ஒடிந்து வந்துவிடும் என்பதால் நொறுங்கு நட்சத்திரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒரே ஓர் இனம் எங்கெங்கே இருக்கிறது என்று இனங்கண்டு, மாவட்டவாரியாகப் பதிவு செய்வதுதான் நிலையத்தின் வேலை.

ஓசூருக்கும் கடலுக்கும் முன்னூறு கிலோமீட்டர் என்பது யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் ஓசூர் பின்தங்கிய பகுதி. அங்கே எதை ஆரம்பித்தாலும் மனைக்குச் சலுகை, மின்சாரத்துக்குச் சலுகை. கடற்கரையில் போய் ஆரம்பித்தால் சல்லிக்காசு சலுகை கிடையாது. தவிரவும், இயக்குநர் டாக்டர் கோவிந்தப்பனுக்கு வீடு பெங்களூரில்.

வாங்கிய கடல் இரண்டே கோடையில் வற்றிப் போயிற்று. அரசாங்கச் சொத்து தொட்டியில் வற்றலாம், கணக்கில் வற்றக் கூடாது. அடியில் தங்கிய உப்பைச் சுரண்டி மூட்டை கட்டி, ‘கடல் (உலர்ந்தது) – மூட்டை 3’ என்று இருப்பில் எழுதிக்கொண்டார்கள். பரவல் பதிவேட்டில் தர்மபுரி மாவட்டத்துக்கு நேராக வருஷா வருஷம் ‘இல்லை’ என்று எழுதப்பட்டது. நாலாவது ‘இல்லை’க்குப் பிறகு தலைமையகத்திலிருந்து, ஏன் முன்னேற்றமில்லை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

கௌஸ் மொய்தீனுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் காவேரிப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி. மத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் விற்றாலும், வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைதான் அவருக்குச் சோறு. மாட்டுச் சந்தைக்குள் நுழைகிற வாயில், வேப்பமர நிழல், ஒரு பாய் விரிக்கிற அளவு இடம். மாடு விற்றவன் மடியில் பணத்தோடு அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தரகர்கள் துண்டைப் போட்டு, அதற்கடியில் வாய் திறக்காமல் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பதை இருபது வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து மூன்று வெள்ளி மூட்டை இறக்காதவனுடைய இடம் பக்கத்துக் கடைக்காரனுக்குப் போய்விடும். பக்கத்துக் கடை மிளகாய் விற்கும் சென்னப்பனுடையது. அவன் பல வருஷங்களாக கௌஸ் மொய்தீனின் உடல்நலத்தை அக்கறையோடு விசாரித்து வந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நிலையத்தின் கடைநிலை ஊழியர் ஆஞ்சப்பன், வீட்டுக்கென்று கௌஸ் மொய்தீனிடம் வாங்கிய கால் கிலோ நெத்திலியில் ஐந்து கையோடு காய்ந்து கிடந்த ஒன்றைப் பார்த்தார். தினமும் அலுவலகச் சுவரில் படமாகப் பார்ப்பதுதான். வேடிக்கைக்காகத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு போய்க் காட்டினார். மத்தியானத்துக்குள் ஜீப் சந்தைக்கு வந்துவிட்டது.

டாக்டர் கோவிந்தப்பன் இறங்கியதும் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். களப்பணி விதியில் அப்படி இருந்தது. தொழில்நுட்ப உதவியாளர் பவளம், பெயரைப் பார்த்தே கடல்துறையில் வேலை கிடைத்ததாகச் சொல்லப்படுகிறவர், மூட்டையின் நீள அகலத்தை அளந்தார். ஒரு நெத்திலியை நாக்கில் வைத்துப் பார்த்து, ‘உப்புத்தன்மை: திருப்திகரம்’ என்று குறித்தார்.

கௌஸ் மொய்தீன் உள்ளதைச் சொன்னார். “சார், இது தூத்துக்குடி நெத்திலி. வலையில மீனோட மாட்டியிருக்கும். காயப் போட்டவங்க பொறுக்காம விட்டிருப்பாங்க. எனக்குச் செவ்வாக்கிழமை லாரியில வருது. இதுல என்ன இருக்குது?”

பவளம் எழுதிக்கொண்டார்: ‘வலசை: சாலை வழியாக. காலம்: செவ்வாய்தோறும்.’

“தூத்துக்குடியில இருக்குதுன்னு தூத்துக்குடிக்காரனே சொல்லிடுவான் பாய்,” என்றார் இயக்குநர், அவர் தோளில் கை வைத்து. “இருக்கிற எடத்துல இருக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு டைரக்டர் எதுக்கு, ஒரு ஜீப் எதுக்கு? இல்லாத எடத்துல இருக்குதுன்னு சொல்றதுதான் கண்டுபிடிப்பு.”

மூட்டை ஜீப்பில் ஏறியது. மூட்டைக்குப் பின்னால் அதன் சொந்தக்காரரும் ஏறினார். சந்தைக் குத்தகைக்காரரிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. நிலையம் விடுவிப்புச் சான்று தரும்வரை இந்த ஆளும் இந்தத் தராசும் சந்தையில் இறங்கக் கூடாது. சென்னப்பன் ஓடி வந்து மூட்டையைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தான். அவ்வளவு உதவியை அவனிடம் கௌஸ் மொய்தீன் அதற்கு முன் கண்டதில்லை.

நிலையத்தில் அவரையும் மூட்டையையும் வற்றிய தொட்டிக்குள் இறக்கினார்கள். ஓரமாகக் கடல், மூன்று மூட்டையாகச் சாய்ந்து கிடந்தது. தன்னை எதற்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“யாரு உங்களப் புடிச்சு வெச்சது? கதவு தொறந்துதான் இருக்குது. நீங்க கைதி இல்ல பாய், நீங்க வாழிடம். அது உங்க மூட்டையில வாழுது, மூட்டை உங்களோட வாழுது. வாழிடம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டா, நான் எதப் பாதுகாக்கிறது?”

“அது செத்துக் காஞ்சு கெடக்குதுங்க.”

“உலர்ந்த நிலையில் இருக்குது,” என்று பவளம் திருத்தினார்.

விடுவிப்புச் சான்றுக்கு ஒரே ஒரு நிபந்தனை. தலைமையகத்துக் குழு வந்து பார்க்கும்போது பிராணி வந்தபடியே, ஐந்து கையோடு இருக்க வேண்டும். வந்தபோது ஐந்து கை இருந்ததாக கௌஸ் மொய்தீனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கிய கையோடு இயக்குநர், அது எவ்வளவு சுலபமாக ஒடியும் என்று ஊழியர்களுக்கு விளக்குவதற்காக ஒன்றை ஒடித்துக் காட்டினார். ஒருவர் கண்டதை இன்னொருவர் சோதித்துப் பார்ப்பதே அறிவியல் என்பதால் பவளம் இன்னொன்றை ஒடித்து, இயக்குநர் சொன்னது சரிதான் என்று எழுதினார். இனத்தை உறுதிசெய்யத் தலைமையகத்துக்கு ஒரு கை அனுப்பினார்கள். அசலை அனுப்பினால் நகலும் அனுப்ப வேண்டுமென்பதால் கூடவே ஒன்று. மிச்சமிருந்த ஒரு கை, பிராணி மேற்கொண்டு சேதமாகாமலிருக்க டப்பாவுக்கு அரக்கு முத்திரை குத்தும்போது போயிற்று. நிலையத்திலேயே ஒடிந்த மூன்று கைகளும் வட்டும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டப்பட்டு இருப்பில் ஏறின.

ஒவ்வொரு தடவையும் கௌஸ் மொய்தீன் தொட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்முடைய விடுதலை கண் முன்னால் ஒவ்வொன்றாக ஒடிவது அவருக்குத் தெரிந்தது. மாட்டுக்குப் பல் பார்க்கிறவன்கூட வாயை இப்படிக் கிழிக்க மாட்டான் என்று ஆஞ்சப்பனிடம் சொன்னார். ஆஞ்சப்பன், “எல்லாம் என்னாலதான் பாய். அன்னிக்குப் பேசாம வறுத்துத் தின்னுட்டுப் போயிருக்கலாம்,” என்றார்.

நிலையத்தில் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் கரும்பலகையில் எழுதியிருக்கும். சென்னையிலிருந்து வரவழைத்த அட்டவணை. கடல் ஏறும்போது ஊழியர்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள், பாதுகாப்பு விதி. இறங்கிய பிறகு வருவார்கள். நடுவில் டீ. கடலுக்குள் இருக்க வேண்டிய பொருள் என்பதால் கௌஸ் மொய்தீனை மட்டும் யாரும் மாடிக்குக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஓசூர் பள்ளிவாசலுக்குப் போக அனுமதி கேட்டார். மறுக்கவில்லை. ஜீப்பிலேயே அழைத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து, ‘வாழிடம் தற்காலிகமாக நகர்ந்து மீண்டது’ என்று எழுதினார்கள். தொழுது முடித்து வாசலில் நின்றபோது, இந்நேரம் குந்தாரப்பள்ளியில் மாட்டுச் சந்தை கலைந்து, நெத்திலி கேட்டு ஆள் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அது முதல் வெள்ளி.

அன்று சாயங்காலம் அவருடைய மனைவி ஹமீதுன்னிசா சோற்றுத் தூக்கோடு வந்தார். தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த புருஷனைக் கொஞ்ச நேரம் மேலிருந்தே பார்த்தார். “இதுக்கு முன்னாடி மீன் வெச்சிருந்தாங்களாமே,” என்று விசாரித்தார். அப்புறம் சங்கதிக்கு வந்தார். சென்னப்பன் மிளகாய்ப் படுதாவை ஒரு முழம் இந்தப் பக்கம் விரித்துவிட்டான். கேட்டால், பாய் வர்றவரைக்கும் எடத்தைப் பாத்துக்கறேன் என்கிறான். வீட்டுக்கு பவளம் மேடம் வந்து, அடுப்படியில் நின்று குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாராம்.

“எதுக்கு?”

“பரவலாம். உங்ககிட்டக் கருவாடு வாங்குன வீட்டுக்கெல்லாம் போறாங்க. மத்தூருல எங்க அக்கா வீட்டு ஒறியக்கூட விடல.”

அடுத்த வாரம் இயக்குநரின் அறையில் மாவட்ட வரைபடம் தொங்கியது. குந்தாரப்பள்ளி, காவேரிப்பட்டினம், மத்தூர், நடுவிலிருக்கும் ஊர்கள் என்று சிவப்புக் குண்டூசிகள். ஏழெட்டுச் சமையலறைகளில் ஒடிந்த துண்டுகள் கிடைத்திருந்தன. கௌஸ் மொய்தீனுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. அது அவர் வாரம் முழுக்க மூட்டையோடு பஸ் ஏறி இறங்கும் தடம். கடன் நிற்கிற வீடுகள்கூட அதில் சரியாகக் குத்தியிருந்தன.

“சந்தை நாளில மட்டும் தென்படுகிற இனம், உலகத்துலயே இது ஒண்ணுதான்,” என்றார் இயக்குநர் நெகிழ்ந்து போய். பிறகு யோசனையோடு கேட்டார். “உங்களுக்கு மகன் இருக்கானா பாய்? யாவாரத்தை எடுத்து நடத்துவானா? நீங்க போயிட்டா இந்த மாவட்டத்துல இது அழிஞ்சு போயிடும்.”

கௌஸ் மொய்தீன் அறையை விட்டு வெளியே வந்தார். தொட்டிக்குத் திரும்பியதும் தமது மூட்டையைத் துழாவினார். அடியில் மணலோடு மணலாக இன்னொன்று இருந்தது. முழுசு, ஐந்து கையும் நீட்டி. ஒன்றுக்கே இந்தப் பாடு, இரண்டு இருப்பது தெரிந்தால் ஆயுசுக்கும் விட மாட்டார்கள் என்று முதலில் தூக்கிப் போடப் பார்த்தார். வியாபாரியின் கை, சரக்கைத் தூக்கிப் போடாது. ஓரத்தில் கிடந்த உப்பு மூட்டையைப் பிரித்து அதற்குள் செருகினார். காய்ந்த நட்சத்திரம் காய்ந்த கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் வெள்ளியும் போயிற்று. சென்னப்பன் இன்னொரு முழம் வந்துவிட்டதாக ஹமீதுன்னிசா சொன்னார். மரத்தின் வேரைத் தொட்டுவிட்டானாம். வருகிற வெள்ளி மூட்டை இறங்காவிட்டால் இருபது வருஷத்து இடம் அவனுடையது.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, தலைமையகத்துக் குழு வந்தது. வெள்ளைக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தலைவர் தொட்டிக்குள் இறங்க, மற்றவர்கள் பின்னால் இறங்கினார்கள். பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் பவளம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இருமினால் கூட எழுதினார். இயக்குநர் மூடியிட்ட கண்ணாடித் தட்டைக் கையில் வைத்திருந்தார். உள்ளே வெறும் வட்டு. கை ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தால் நாலு வருஷமும் ‘இல்லை’தான். அவருக்கு நெற்றி வேர்த்து, கண்ணாடி மூக்கில் இறங்கிற்று. யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது, சொன்னால் பதிவாகிவிடும்.

கௌஸ் மொய்தீன் தோளிலிருந்த துண்டை எடுத்து, இயக்குநரின் காலியாக இருந்த கையின்மேல் போட்டார். துண்டுக்கடியில் தம் கையை நீட்டினார்.

கோவிந்தப்பனின் அப்பா இதே குந்தாரப்பள்ளியில் காளை விற்றவர். டாக்டர் பட்டம் வாங்கிய விரல்களுக்கு அது இன்னும் மறக்கவில்லை. அவை வந்து கௌஸ் மொய்தீனின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தன. ஐந்து கை வேண்டும்.

இங்கேதான் கௌஸ் மொய்தீன் ஒரு தப்பு செய்தார். உப்பு மூட்டைக்குள் ஐந்தும் இருந்தது. அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் கேட்ட விலையை முதல் வாயில் ஒத்துக்கொள்கிற ரத்தம் அவர் உடம்பில் இல்லை. மூன்று விரலை மட்டும் பிடித்தார். இயக்குநர் மறுபடி ஐந்து. இவர் நாலுக்கு வந்தார். இயக்குநர் நகத்தால் கீறினார். பேரம் சூடு பிடித்ததும், எதற்காகப் பேரம் பேசுகிறோம் என்பது கௌஸ் மொய்தீனுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. கடைசியில் ஐந்தாவது விரலைக் கொடுக்கும் முன், அதற்கு ஈடாக மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததை வாய்விட்டே கேட்டார்.

“குந்தாரப்பள்ளியில என் எடத்துல நாளைக்கு நான் உக்காரணும். அந்த எடம் எப்பவும் வேற எவனுக்கும் போகக் கூடாது.”

‘வாழிடம் நிலைபேறு கோருகிறது,’ என்று பவளம் எழுதினார்.

“ஆய்த்து,” என்றார் இயக்குநர் வாய்க்குள். கன்னடத்தில் ஒப்புக்கொண்டதால் குறிப்பில் ஏறவில்லை.

கௌஸ் மொய்தீன் உப்பு மூட்டையைப் பிரித்தார். உலர்ந்த கடலிலிருந்து நட்சத்திரம் வெளியே வந்ததைக் குழு கண்ணால் கண்டது. தலைவர் குனிந்து எண்ணினார். ஐந்து. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்த பிறகு தலைவர் தமது பையைத் திறந்து, தலைமையகத்துக்கு வந்திருந்த கைகளை, அசலையும் நகலையும், இனம் உறுதி என்ற சான்றோடு திருப்பிக் கொடுத்தார். பவளமும் கடமை தவறாமல் இருப்பிலிருந்த மூன்று பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார். மொத்தம் பத்து.

அரசாங்கத்தில் குறைந்தால் தள்ளுபடி எழுதலாம். கூடினால் விசாரணை.

டாக்டர் கோவிந்தப்பன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார்.

“மதிப்பிற்குரிய குழுவினரே, கடந்த நான்காண்டுகளாக இந்த நிலையத்தில் எதுவும் நடக்கவில்லை என்ற அவப்பெயர் நமக்கு இருந்தது. இன்று ஒன்று நடந்துவிட்டது. அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் நடப்பதைத்தான் இயற்கை என்கிறோம். நாம் யாரும் இதைத் தேடவில்லை, வளர்க்கவில்லை, இரை போடவில்லை. இறந்ததைக்கூட நாம் கவனிக்கவில்லை. நமது இந்தக் குறுக்கீடற்ற நிர்வாகத்தில்தான் அது இனப்பெருக்கம் செய்திருக்கிறது. ஐந்து கை பத்தாகியிருக்கிறது. ஒரு கருவாட்டு மூட்டைக்கும் ஒரு கருவாட்டு வியாபாரிக்கும் இடையில் மட்டுமே நடக்கக்கூடிய இந்த அற்புதத்தை, அது முதலில் கண்டெடுக்கப்பட்ட இடத்திலேயே நிரந்தரமாகக் காக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.”

தலைவர் அங்கேயே கையெழுத்திட்டார். விடுவிப்புச் சான்று கௌஸ் மொய்தீன் கைக்கு வந்தது. அவர் அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு வார்த்தையிலும் குறை சொல்ல முடியவில்லை. மூட்டை விடுவிக்கப்பட்டது, தராசு விடுவிக்கப்பட்டது, சந்தையில் அவருடைய இடம் அவருக்கே.

மறுநாள் விடியலில் ஹமீதுன்னிசாவும் அவரும் மூட்டையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கழிவறைக்கு நாலு வருஷமாகக் கதவு போடாத நிலையம், ஒரே ராத்திரியில் வேப்பமரத்தடியில் நாலு கல்தூண் நட்டு முள்கம்பி கட்டியிருந்தது. தூணோரம் முத்திரை குத்திய டப்பாவில் இரண்டு நட்சத்திரங்களும் பத்துக் கையோடு வந்து சேர்ந்திருந்தன. ‘பாதுகாக்கப்பட்ட கடற்கரை’ என்று பலகை. அதன் கீழே குந்தாரப்பள்ளிக்கான கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம். புதுக் காக்கிச் சட்டையில் ஆஞ்சப்பன் நின்றுகொண்டிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டார்.

கௌஸ் மொய்தீன் பாயை விரித்தார். முழு இடம், ஓரங்குலம் குறையவில்லை. சென்னப்பன் இரண்டு முழமும் பின்வாங்கி, கம்பிக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். மூட்டையைப் பிரித்து, தராசைத் தட்டிப் பார்த்து, பிஸ்மில்லா சொல்லி உட்கார்ந்தபோது மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிற்று.

முதல் கிராக்கி நஞ்சம்மா, ஆடு விற்க வருகிறவர், பழைய வாடிக்கை. கம்பிக்கு வெளியே நின்று அரைக் கிலோ நெத்திலி கேட்டார். கௌஸ் மொய்தீன் நிறுத்துப் பொட்டலம் கட்டி நீட்டினார். ஆஞ்சப்பனின் தடி நடுவில் வந்தது.

“மன்னிச்சுக்க பாய். வாழிடத்துலேர்ந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாதாம். எழுதியிருக்குது.”

“நான் விக்கறதுக்குத்தானய்யா இந்த எடம்?”

“எடம் உங்களுதுதான் பாய். அதுல ஒரு பேச்சும் இல்ல.”

நஞ்சம்மா நாலடி தள்ளிப் போனார். சென்னப்பனின் மிளகாய்க்குப் பக்கத்தில் அன்றைக்கு ஒரு புது மூட்டை பிரிந்திருந்தது. நெத்திலி. அவன் நிறுத்துப் போட்டுக்கொண்டே கம்பி வழியாகக் கேட்டான். “ஒடம்பெல்லாம் சௌக்கியமா பாய்?”

ஹமீதுன்னிசா வெளியே நின்றிருந்தார். முள்கம்பியில் மாட்டிய முந்தானையை நிதானமாக எடுத்துவிட்டுக்கொண்டார்.

“எடம் கேட்டீங்க, எடம் குடுத்துட்டாங்க. அத்தன நேரம் வெரலப் புடிச்சீங்களே, யாவாரத்தையும் சேத்துக் கேட்டிருக்கக் கூடாதா?”

கௌஸ் மொய்தீன் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து நெத்திலியை மூட்டையிலேயே கொட்டினார். மாடு விற்றவர்கள் மடியில் பணத்தோடு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் நின்று பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். தொழுகைக்குப் போக எழுந்தவரை, கடல் ஏறியிருக்கிறது, இறங்கட்டும் என்று ஆஞ்சப்பன் தயங்கித் தயங்கி உட்கார வைத்தார். நிலையத்திலாவது ஜீப் இருந்தது. அவர் பாயின் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு அங்கேயே தொழுதார்.

பொழுது சாய்ந்ததும் சந்தை கலைந்தது. ஆஞ்சப்பன் பலகையைத் துடைத்து, சாக்கட்டியால் அன்றைய கணக்கை எழுதி, உள்ளே எட்டிப் பார்த்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

நட்சத்திரம் – 2. கை – 10. நெத்திலி – மூட்டை 1. தராசு – 1. வாழிடம், உயிருடன் – 1. உள்ளே வந்தது – எல்லாம். வெளியே போனது – இல்லை. இருப்பு சரி.